பழங்கணக்கும் புதுக்குத்தகையும்: செங்கல்பட்டு ஜாகீரில் கடந்தகாலம் சான்றாக்கப்பட்ட வரலாறு

1

ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் நண்பர் ஒருவர் சொன்ன கதையிலிருந்து தொடங்கலாம். மருந்துக் கம்பெனி ஒன்றில் ரெப் வேலை அவருக்கு. 2024 ஏப்ரலில் புது வருஷத் திட்டம் போடுகிற கூட்டம் நடந்திருக்கிறது. மூன்று வருஷ விற்பனைக் கணக்கைத் திரையில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

“போன வருஷம் எவ்வளவு அடிச்சேன்னு என்கிட்டதான் எழுதி வாங்கினாங்க. அதையே அடியில வச்சு, மேல பதினஞ்சு சதவீதம் ஏத்தி, ‘இது உங்க ஏரியாவோட உண்மையான சக்தி’ன்னு என் தலையிலயே கட்டிட்டாங்க. நல்லா ஓடின தப்புக்கு நானே எனக்குத் தண்டனை எழுதிக் கொடுத்த மாதிரி.”

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். மிக்ஜாம் புயலில் ஊர் மிதந்த 2023 டிசம்பரை அந்தச் சராசரியில் சேர்க்கவில்லையாம். கேட்டதற்கு, “அது விதிவிலக்கான மாசம், சேர்த்தா கணக்கு கெட்டுடும்” என்று பதில் வந்திருக்கிறது. “கணக்கு கெடக்கூடாது, நான் கெடலாம்” என்று சிரித்துவிட்டு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நண்பரின் கம்பெனிக்காரர்கள் தாங்கள் செய்வதை ‘அறிவியல்பூர்வமான திட்டமிடல்’ என்றே நம்புகிறார்கள். மேலிருக்கிறவரின் மனம்போன போக்கில் இலக்கு வைப்பதைவிட, நடந்ததைச் சான்றாக வைத்து நடக்கப்போவதைத் தீர்மானிப்பது நியாயமானது என்ற வாதத்தை நாமும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த ‘நடந்தது’ எழுதப்பட்ட விதம் என்ன? எழுதியது யார்? எந்த வருஷம் சராசரிக்குள் வருகிறது, எது வெளியே நிற்கிறது? சொல்லப்பட்ட கணக்கு சொன்னவனையே கட்டுவது எப்படி? சென்னையைச் சுற்றியுள்ள மண்ணில் இக்கேள்விகளுக்கு இருநூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. இன்றைய நிர்வாக மேலாண்மைப் புத்தகங்கள் அதை எழுதுவதில்லை. விவசாயிகளின் வரலாற்றை எழுதுகிறவர்களும் இந்தக் கோணத்தில் அதிகம் பார்க்கவில்லை.

2

அந்த டீக்கடையிலிருந்து நடக்கும் தூரத்தில், பாரதி சாலையில், ஆற்காட்டு இளவரசரின் இருப்பிடமான அமீர் மகால் இருக்கிறது. அரண்மனை என்று நினைத்துக்கொண்டு நாம் கடந்துபோகிற இக்கட்டடம் 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத் தேவைக்காகக் கட்டப்பட்டது. நவாபுகளின் உண்மையான அரண்மனை சேப்பாக்கத்தில் இருந்தது. 1855இல் கடைசி நவாபு வாரிசின்றி இறந்ததும் பட்டம் ரத்தாகிச் சேப்பாக்கம் மாளிகை அரசின் கைக்குப் போனது. வருவாய் வாரியம் அங்கே குடிபுகுந்தது. சிஷோமின் கைவேலைக்குப் பிறகு, 1876இல், நவாபின் வழிவந்தவர்கள் ராயப்பேட்டையிலுள்ள பழைய அலுவலகத்துக்கு வந்துசேர்ந்தார்கள். அலுவலகம் அரண்மனையானது, அரண்மனை கணக்கு அலுவலகமானது. தமிழகத்தில் அதிகாரம் இடம் மாறியதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆளும் இடம் இனி கணக்குப் புத்தகங்கள் இருக்கும் இடம்.

இந்த மாற்றம் 1855இல் தொடங்கியதல்ல. நவாப் முகமது அலி வாலாஜா கம்பெனியின் படைச் செலவுக்காகப் பட்ட கடனிலும், கம்பெனி ஊழியர்களிடம் தனிப்பட்ட முறையில் வாங்கிய கடனிலும் அது தொடங்கிவிட்டது. பால் பென்ஃபீல்டு போன்றவர்கள் நவாபுக்குக் கடன் கொடுத்தார்கள். ஈடாக நவாப் கொடுத்தது தங்கமோ கட்டடமோ அல்ல, ‘தன்கா’. அதாவது, இன்ன சீமையின் வருமானத்திலிருந்து இவ்வளவு வசூலித்துக்கொள்ளலாம் என்கிற உரிமைச் சீட்டு. அறுவடையாகாத நெல், பெய்யாத மழை, பிறக்காத பருவம் ஆகியவற்றின் மீது எழுதப்பட்ட கடன் அது. அந்தச் சீட்டுக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? அந்தச் சீமை முன்பு கொடுத்த வசூலிலிருந்து வந்தது. முன்பு கொடுத்தது இனியும் கொடுக்கும் என்ற எளிய அனுமானம்தான் கடன் சந்தையின் முதலீடு. 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றிப் பேசிய புகழ்பெற்ற உரை இந்த ஏற்பாட்டைத்தான் குற்றக்கூண்டில் ஏற்றியது.

ஆனால் தன்காவில் ஒரு குறை இருந்தது. கடன் கொடுத்தவனுக்குச் சீமையின் மொத்த வசூல்தான் தெரியும், ஊர் தெரியாது. எந்த ஊரில் எவ்வளவு கண்டுமுதல், அதில் களத்திலேயே யார் யாருக்கு எவ்வளவு பிரிகிறது, மிச்சம் என்ன என்பதெல்லாம் ஊர்க் கணக்குப்பிள்ளையின் ஓலையில் இருந்தது. அந்த ஓலையை வாசிக்கத் தெரியாதவரை கடந்தகாலம் ஒரு வதந்திதான். அதைச் சான்றாக மாற்றுகிற வேலை ஜாகீரில் நடந்தது.

3

1763இல் நவாப் சென்னையைச் சுற்றிய பெரும் நிலப்பரப்பை, பின்னாளைய செங்கல்பட்டு மாவட்டத்தை, கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். 1765இல் மொகலாயச் சக்கரவர்த்தி அதை உறுதிசெய்தார். எழுதிக் கொடுத்த நவாபே அதைக் குத்தகைக்கு எடுத்து 1780 வரை நடத்தினார் என்பது வேடிக்கை. சொந்தக்காரனான கம்பெனிக்கு ஒரு சந்தேகம் எழுந்தது: குத்தகைக்காரர் கட்டுகிற பணம் நிலம் தரக்கூடிய அளவுதானா, அதற்குக் குறைவா? இந்தச் சந்தேகத்தின் விளைவே தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரின் அளவாய்வு. 1767இல் தொடங்கி 1774 வரை ஏறத்தாழ 2000 ஊர்களில் அது நடந்தது.

பர்னார்டின் ஆய்வு சங்கிலி போட்டு நிலம் அளந்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொரு ஊரிலும் எத்தனை காணி நன்செய், எத்தனை புன்செய், ஏரி எவ்வளவு, காடு எவ்வளவு, எந்தெந்தச் சாதிக்கு எத்தனை வீடு, மானியம் யாருக்கு, களத்தில் யாருக்கு எத்தனை மரக்கால் மேரை என்றெல்லாம் எழுதப்பட்டது. நம் பொருளுக்கு முக்கியமானது, 1762 முதல் 1766 வரையான ஐந்தாண்டு விளைச்சலும் அதில் திரட்டப்பட்டது என்பது. ஐந்தாண்டுச் சராசரி! இன்றைக்கு எந்தக் கம்பெனியின் திட்டக் கூட்டத்திலும் திரையில் ஏறுகிற அதே உருவம், பதினெட்டாம் நூற்றாண்டில், திருப்போரூரின் நெல்லைப் பற்றி.

இதற்கான மூலம் ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் தமிழ் ஓலைகள். அவற்றின் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆங்கிலச் சுருக்கங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஓலையிலிருந்து ஆங்கிலப் பேரேட்டுக்குப் போகும்போது நடப்பது வெறும் மொழிபெயர்ப்பல்ல. ஓலைக்கணக்கு பங்கீட்டுக் கணக்கு. களத்தில் நெல் குவிந்ததும் கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தலையாரிக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, வெட்டியானுக்கு என்று அளந்து பிரிப்பதற்காக எழுதப்பட்டது. ‘இந்த ஊர் இவ்வளவு விளைத்தது’ என்பது அதில் நடுவில் வருகிற ஒரு எண், அவ்வளவுதான். பேரேட்டிலோ அந்த எண் தலைக்கு வந்துவிடுகிறது. பங்குகள் ‘கழிவுகள்’ ஆகிவிடுகின்றன. அதே தரவு, அதே மரக்கால். ஆனால் கேள்வி மாறிவிட்டது. ‘யாருக்கு எவ்வளவு சேரவேண்டும்’ என்று கேட்ட கணக்கு, ‘இதிலிருந்து எவ்வளவு எடுக்கலாம்’ என்று கேட்கிற கணக்காகிவிட்டது.

நிலத்தை அளந்து வரி விதித்தது வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நான் சொல்லவரவில்லை. இராசராசன் காலத்திலேயே நிலம் அளக்கப்பட்டது. சோழர்களிடம் புரவுவரித் திணைக்களம் இருந்தது. ஓலையும் ஒன்றும் சமத்துவப் பிரதி அல்ல. ஊரின் அதிகார அடுக்கைத்தான் அது மரக்கால் மரக்காலாக எழுதிவைத்தது. சேரியிலிருந்தவர்கள் அதில் வீடுகளாக எண்ணப்படுகிறார்கள்; காணியாட்சி உள்ளவர்களாக எண்ணப்படுவதில்லை. ஆக, கம்பெனியின் கையில் சான்றாகச் சேர்ந்த கடந்தகாலம் ஏற்கெனவே ஒருதரம் வடிகட்டப்பட்ட கடந்தகாலம். இதை மறந்துவிட்டுப் பேசினால் காலனிய எதிர்ப்பு என்ற பெயரில் கணக்குப்பிள்ளைக்கும் காணியாட்சிக்காரருக்கும் நாம் வக்காலத்து வாங்கியவர்களாவோம்.

4

1780 ஜூலையில் ஹைதர் அலியின் குதிரைப்படை கணவாய்களைத் தாண்டி இறங்கியது. போரும் அதைத் தொடர்ந்த பஞ்சமும் ஜாகீரைச் சூறையாடின. ஊர்கள் காலியாயின, ஏரிகள் உடைந்து கிடந்தன, உழுமாடு இல்லை, உழுகிற ஆளும் இல்லை. அந்த ஊர்களுக்குத்தான் 1794இல் லயனல் பிளேஸ் கலெக்டராக வந்தார். 1798 வரை இருந்தார்.

பிளேஸுக்கு முன்னால் இரண்டு கடந்தகாலங்கள் இருந்தன. ஒன்று, போருக்குப் பிந்தைய சில ஆண்டுகளின் சொற்ப வசூல். மற்றது, பர்னார்டின் பேரேட்டில் உறைந்திருந்த போருக்கு முந்தைய விளைச்சல். எதை அடியாக வைத்துத் திட்டமிடுவது? இன்றைய வார்த்தையில் சொன்னால் எது ‘அடிப்படை ஆண்டு’? பிளேஸ் பர்னார்டைத் தேர்ந்தார். நிலத்தின் ‘உண்மையான சக்தி’ அதில்தான் இருக்கிறது, இடையில் வந்த குறைவுக்குப் போர் மட்டும் காரணமல்ல. காணியாட்சிக்காரர்களும் கணக்குப்பிள்ளைகளும் துபாஷிகளும் மானியத்தையும் மேரையையும் பெருக்கிக்கொண்டு கணக்கை மறைக்கிறார்கள் என்பது அவர் முடிவு. இதில் பொய் இல்லை என்பதுதான் சிக்கல். அவர்கள் மறைக்கத்தான் செய்தார்கள். கணக்கைக் காட்டினால் அதுவே அடுத்த வருஷக் குத்தகைக்கு அடியாகிவிடும் என்று தெரிந்தவன் வேறென்ன செய்வான்?

இங்கே ஒரு விஷ வட்டம் உருவாகிறது. காட்டினால் கேட்பு ஏறும். மறைத்தால் ‘மறைக்கிறான்’ என்பதே இன்னும் ஏற்றுவதற்குக் காரணமாகும். சான்று கேட்பவனும் கேட்புத் தொகையை நிர்ணயிப்பவனும் ஒருவனாக இருக்கும்வரை இந்த வட்டம் உடையாது. 1790களின் நடுவில் பூந்தமல்லிப் பக்கத்துக் காணியாட்சிக்காரர்கள் ஊரைவிட்டு வெளியேறி எதிர்ப்புக் காட்டினார்கள். கணக்கோடு வாதாட முடியாதபோது கணக்கிலிருந்தே வெளியேறுவது, அதாவது உழுவதற்கு ஆளில்லாமல் செய்துவிடுவது, நம் விவசாயச் சமூகத்தின் பழைய ஆயுதம். பிளேஸ் அசையவில்லை, சிலரது காணியைப் பறித்து வேறு ஆட்களை உட்கார்த்தினார்.

யூஜின் இர்ஷிக் 1994இல் வெளியிட்ட நூலில், ஜாகீரைப் பற்றிய இந்த அறிவு முழுவதையும் வெள்ளைக்காரன் தனியே திணித்ததல்ல, உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து பேசிப் பேசி உண்டாக்கியது என்று வாதிட்டார். ஒரு எல்லை வரை இது சரி. பிளேஸே கோயில் விழாக்களைப் புதுப்பித்தார். காஞ்சி வரதருக்கு நகை கொடுத்தவராக இன்றும் நினைவுகூரப்படுகிறார். ஆனால் உரையாடல் என்று சொல்லும்போது அதில் பேசியவர்கள் யார் என்பதையும் சொல்லவேண்டும். கலெக்டர் பேசினார், துபாஷி பேசினார், காணியாட்சிக்காரர் பேசினார். ஏர் பிடித்தவன் பேசிய வரி எந்தப் பேரேட்டில் இருக்கிறது?

பேரேட்டில் ஏறாத நினைவு வேறொரு வடிவில் தங்கியிருக்கிறது. மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலின் கதை நமக்குத் தெரிந்ததுதான். மழைக்கு மழை ஏரிக்கரை உடைகிறது; கலெக்டர் துரை பணத்தைக் கொட்டி அடைக்கிறார்; மறுபடி உடைகிறது. தாயார் சன்னிதியைக் கட்டித்தரும்படி பட்டர்கள் கேட்கிறார்கள். இந்த மழைக்குக் கரை நின்றால் கட்டித்தருகிறேன் என்கிறார் துரை. கொட்டுகிற மழையில் நள்ளிரவு கரைக்குப் போனவருக்கு வில்லோடு காவல் நிற்கிற இரண்டு பேர் தெரிகிறார்கள். கரை நிற்கிறது. சன்னிதி எழுகிறது. துரையின் பெயர் லயனல் பிளேஸ். சன்னிதியில் அவர் பெயர் பொறித்த கல்வெட்டும் இருக்கிறது. பக்தி இலக்கியமாக மட்டும் இதை வாசிக்கவேண்டியதில்லை. பழைய உடைப்புகளின் கணக்கை வைத்து அடுத்த உடைப்பை எதிர்பார்த்துச் செலவுத் திட்டம் போடுகிற ஓர் அதிகாரியின் அறிவு, ஒரு மழையிரவில் தன் எல்லையைத் தொடுகிற கதையாகவும் இதை வாசிக்கலாம். கரையை நிறுத்தியது ராமனோ, அந்த ராத்திரியெல்லாம் மண் சுமந்தவர்களோ. கலெக்டரின் சராசரி மட்டும் அல்ல.

5

பிளேஸுக்குப் பிறகு சராசரி சட்டமாயிற்று. வங்காளத்தில் 1793இல் வந்த நிரந்தரத் தீர்வையின் வழியில் 1802இல் ஜாகீரையும் மிட்டாக்களாகக் கூறுபோட்டு ஏலம் விட்டார்கள். முந்தைய வசூலைப் பார்த்துத் தொகை நிர்ணயித்து, இனி என்றைக்கும் இதுதான் என்றார்கள். மிட்டாதாரர்கள் பலர் சில ஆண்டுகளிலேயே பாக்கி விழுந்து எஸ்டேட்டை இழந்தார்கள். கடந்தகாலத்தை நிரந்தரமாக்கினால் நிகழ்காலம் கட்டமுடியாமல் போகும் என்பதற்கு அது முதல் பாடம்.

இதே காலத்தில் கடப்பை, பல்லாரி, அனந்தப்பூர்ப் பகுதிகளில் 1800 முதல் 1807 வரை இருந்த தாமஸ் மன்றோ வயல் வயலாக அளந்து கணக்கெடுத்தார். அந்தக் கணக்கை வைத்து அவர் சொன்னது: தீர்வை அதிகம், 25 சதவீதம் குறைக்கவேண்டும், கிணற்றுப் பாசன நிலங்களுக்கு இன்னும் குறைக்கவேண்டும். இது கவனத்திற்குரியது. கடந்தகாலச் சான்று ஏற்றுவதற்கு மட்டுமே பயன்படும் என்பதில்லை, இறக்கச் சொல்லியும் அது பேசும். ஆனால் மன்றோவின் பரிந்துரை ஏற்கப்படவில்லை. அவர் கப்பலேறியதும் அரசு கிராமக் குத்தகையைக் கொண்டுவந்தது. ஏற்றச் சொல்லும் சான்று உடனே உத்தரவாகிறது. இறக்கச் சொல்லும் சான்று கோப்பில் தூங்குகிறது. அவரே ஆளுநராகத் திரும்பி வந்த பிறகுதான், 1820களில், ரயத்துவாரி நிலைபெற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் இந்த முறை முழு உருவம் பெற்றது. நிலவரித் திட்டத்துக்காக மண்ணை வகைபிரித்தார்கள். மாதிரி வயலில் அறுத்து அளந்து விளைச்சலை நிர்ணயித்தார்கள். நெல்லைப் பணமாக்குவதற்கு விலை வேண்டுமே! கடந்த இருபது ஆண்டு விலையின் சராசரியை எடுத்தார்கள். அதில் ஒரு நிபந்தனை: பஞ்ச ஆண்டுகளை விட்டுவிட்டு எண்ணவேண்டும். ‘பஞ்சமில்லாத இருபது ஆண்டுகள்’ என்பதே விதி.

பஞ்ச காலத்தில் விலை ஏறும். அதைச் சேர்த்தால் சராசரி விலை ஏறித் தீர்வையும் ஏறிவிடும். ஆகவே குடியானவனின் நன்மைக்காகத்தான் விலக்கினோம் என்பார்கள். விலையைப் பொறுத்தவரை இது உண்மை. பருவப் பிழைக்கென்று ஒரு சிறு கழிவும் தரப்பட்டது. ஆனால் கணக்கின் தர்க்கத்தைப் பாருங்கள். பஞ்சம் என்பது திட்டத்துக்கு வெளியே நடக்கிற ஒன்று, விதிவிலக்கு, கணக்கைக் கெடுக்கிற ஒரு பிழை என்பது இங்கே விதியாகிறது. முப்பது ஆண்டுக்கென்று நிர்ணயித்த தீர்வை, மழை பொய்க்காத ஒரு கற்பனைத் தமிழகத்தின் மேல் போட்ட தீர்வை. வஜா உண்டு, தள்ளுபடி உண்டு; ஆனால் அது சர்க்காரின் கருணை. கணக்குப்படி உரிமை அல்ல. நண்பரின் கம்பெனி 2023 டிசம்பரை விலக்கியபோது இலக்கு ஏறியது. இங்கே விலக்கியபோது விலை இறங்கியது. திசைகள் வேறு. ஆனால் இரண்டிலும் பேரிடர் ‘நடந்தது’ என்ற பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது.

1876-78இல் தாது வருஷப் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானவர்களை விழுங்கியது. சென்னைக்குப் பிழைக்க வந்தவர்களைப் பஞ்ச நிவாரண வேலை என்று மண் வெட்ட விட்டார்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி 1877-78இல் அப்படி வெட்டப்பட்டதுதான். ராயப்பேட்டைக்குக் கிழக்கே இன்று மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் கடக்கிற அந்தச் சாக்கடை, சராசரியிலிருந்து விலக்கப்பட்ட வருஷங்களின் ஆவணம். பேரேட்டில் இடம் கிடைக்காதவர்கள் அதை மண்ணில் எழுதிவிட்டுப் போனார்கள்.

6

இது காலனியத்தின் தனிநோய் என்றால் கதை சுலபமாகிவிடும். சுரண்டலை ஒழிக்க வந்த சோவியத் திட்டமிடலிலும் இதே கொக்கி இருந்தது. 1935 ஆகஸ்டில் ஸ்தகானவ் என்ற சுரங்கத் தொழிலாளி ஒரே ஷிப்டில் 102 டன் நிலக்கரி வெட்டியதாக அறிவிக்கப்பட்டது. அது அவருடைய அளவைப்போல் பதினான்கு மடங்கு. அடுத்த ஆண்டே தொழில்களில் உற்பத்தி அளவுகள் உயர்த்தப்பட்டன. பின்னால் தொழிற்சாலை மேலாளர்கள் ஒரு பாடம் கற்றார்கள்: திட்டத்தை நிறைவேற்று, ஆனால் அதிகம் தாண்டாதே, தாண்டினால் அதுவே அடுத்த வருஷத்தின் தரை. எட்டிய மட்டத்திலிருந்து திட்டமிடுதல் என்று அங்கே பெயர் வாங்கிய இந்த முறையை, பூந்தமல்லிக் கணக்குப்பிள்ளை கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்.

ஆக, பிரச்சினை அரசா தனியாரா என்பதில் மட்டும் இல்லை. உழைத்தவனின் நேற்று, அவன் கையைவிட்டுப் போய், அவன்மேலேயே நாளைய கட்டளையாகத் திரும்புவதில் இருக்கிறது. தன் வேலையைப் பற்றிய அறிவு தனக்கு எதிரான சாட்சியமாவதில் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு வாசிப்பும் நம்மிடையே உண்டு. தரம்பாலின் தூண்டுதலில், சென்னையிலிருந்த கொள்கை ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜிதேந்திர பஜாஜ், எம்.டி. சீனிவாஸ் முதலியோர் பர்னார்டின் கணக்குகளையும் ஓலைகளையும் தேடி எடுத்து உழைத்தார்கள். திருப்போரூர், வடக்குப்பட்டு ஊர்களின் பதினெட்டாம் நூற்றாண்டுக் கணக்குகள் 2001இல் நூலாகவும் வந்தன. அந்த உழைப்பு மரியாதைக்குரியது. ஆனால் அவர்கள் அதிலிருந்து எடுத்துக்காட்டுவது வளம் கொழித்த, பகிர்ந்துண்ட ஒரு பழைய தமிழ்ச் சமூகத்தை. மொத்த நெல்லை மொத்த வீட்டால் வகுத்தால் செழிப்புத்தான் வரும். வகுத்தல் ஒரு நல்ல சமத்துவவாதி, களம் அப்படியல்ல. பிளேஸ் பர்னார்டின் எண்ணில் எடுக்கவேண்டிய வரியைக் கண்டார். இவர்கள் இழந்துவிட்ட பொற்காலத்தைக் கண்டார்கள். சராசரிக்குள் சேரியைத் தேடுகிற வேலையை இருவருமே நமக்கு விட்டுவைத்திருக்கிறார்கள்.

7

அந்த வேலையைச் செங்கல்பட்டிலேயே ஒருவர் ஓரளவு செய்தார். 1891இல் கலெக்டராகப் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர், மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். புறம்போக்கோ தரிசோ கேட்டு ஒருவர் தர்காஸ்து மனுப் போட்டால், அந்த ஊர் மிராசுதாரருக்கும் பட்டாதாரருக்கும் முன்னுரிமை என்ற விதி நிலமற்றவரை நிலமற்றவராகவே வைத்திருந்ததை அது வெளிச்சமாக்கியது. மிராசு என்பது என்ன? கடந்தகாலத்தின் ஆவணம். எல்லிஸ் 1818இல் வெளியான தன் நூலில், சங்கரய்யாவின் துணையோடு, மிராசு உரிமைக்குப் பழஞ்சான்றுகளைத் திரட்டியிருந்தார். முன்பு நிலம் வைத்திருந்ததே இனி நிலம் பெறுவதற்கான தகுதி. யாருக்கு நேற்று எழுதப்படவில்லையோ அவருக்கு நாளை கிடையாது. நண்பரின் ‘டார்கெட்’ கதைக்கு இது மறுபக்கம். கணக்கில் இருப்பவனை அவனது கடந்தகாலம் அழுத்துகிறது. கணக்கில் இல்லாதவனை அவனுக்குக் கடந்தகாலமே இல்லை என்பது வெளியே தள்ளுகிறது.

அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பரில் அரசாணை வந்தது. பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. பின்பு அவை எப்படிக் கைமாறின என்பது நாமறிந்த கதை. நூறாண்டு கழித்து, காரணைப் பஞ்சமி நிலத்துக்காக எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கேட்டது புதிய சலுகை அல்ல. ஒரு பழங்கணக்கைப் பிரித்துப் படியுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

வேலையற்றவன் பழங்கணக்குப் பார்த்தானாம் என்று ஊரில் நையாண்டி செய்வதுண்டு. அந்தப் பழமொழி யாருக்கு வசதி என்று யோசிக்கவேண்டும். அதிகாரம் ஒருநாளும் பழங்கணக்குப் பார்க்காமல் இருந்ததில்லை. அடுத்தவன் பார்ப்பதுதான் அதற்கு வேலையற்ற வேலை. சான்றே வேண்டாம் என்று சொல்வது தன்கா காலத்து நவாபின் தர்பாருக்குத் திரும்புவதாகும். சான்றை முழுசாகப் பார்க்கவேண்டும் என்பதே நம் கோரிக்கையாக இருக்கமுடியும். பஞ்ச வருஷத்தைச் சேர்த்து, சேரியைச் சேர்த்து, வெள்ளம் வந்த டிசம்பரைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். கணக்கில் எழுதப்படுகிறவனும் பேனா பிடிக்கவேண்டும்.

ஜமாபந்தி இன்றும் நடக்கிறது. பரம்பரைக் கணக்குப்பிள்ளை பதவி 1980இல் ஒழிக்கப்பட்டு கிராம நிர்வாக அலுவலர் வந்துவிட்டார். சேப்பாக்கத்து வருவாய் வாரியமும் அதே காலத்தில் கலைக்கப்பட்டது. ஆனாலும் ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிற பசலி ஆண்டு மாறவில்லை. பசலி முடிவதற்குள், மே, ஜூன் வெயிலில், தாலுகா ஆபீஸ் வாசலில் பந்தல் போட்டு ஊர் ஊராக அடங்கலும் சிட்டாவும் தணிக்கைக்கு வருகின்றன. வருஷ முடிவில் கடந்த வருஷத்தைக் கணக்குப் பார்க்கிற இந்தச் சடங்கில், மனுக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். பலர் கேட்பது ஒன்றே: பழைய பதிவேட்டைப் பாருங்கள் சார், அதில் எங்கள் தாத்தா பேர் இருக்கிறது.